தேவர் பிழையும் தெளிந்தோர் கேள்வியும்

ஒரு நாட்டாரின் பழங்கதைகளைக் கேட்ட அளவிலே அந்நாட்டாரின் அறிவை அளந்துவிட முற்படுவது தவறாகும். அக்கதைகளை அவர்கள் எங்ஙனம் கேட்டனர், கேட்டபின் யாது வினவினர், வினவியோர்க்கு யாது நேர்ந்தது என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே அளவுகோலைக் கையில் எடுத்தல் வேண்டும். பண்டைக் கிரேக்கரின் புராணங்களைக் குறித்து இரு திறத்தார் பேசுவதுண்டு. ஒரு திறத்தார், "உலகுக்கு அறிவு புகட்டிய கிரேக்கரே எண்ணற்ற தேவர்களை வணங்கினர், ஆகவே புராணத்தைக் கேள்வி கேட்பது அறியாமை" என்பர். மற்றொரு திறத்தார், "பெற்ற பிள்ளைகளை விழுங்கிய தேவனும், பிறன்மனை நயந்த தேவனும் நிறைந்த கதைகளில் கற்கத்தக்கது யாதுளது? குப்பையில் எறிக" என்பர். இவ்விரு கூற்றும் கிரேக்கரை அறியாது கூறப்படுவன என்பது நம் கருத்து. அதனை, யூரிப்பிடீஸ் என்னும் நாடகப் புலவரின் 'அயோன்' என்னும் நாடகத்தை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஒன்றை உணர்தல் வேண்டும். கிரேக்கருக்கு வேதம் என்று ஒரு நூல் இல்லை. இன்னதை நம்பினாலன்றி நீ எம்மதத்தவன் அல்லன் என்று விதிக்கும் கொள்கைத் தொகுதியும் இல்லை. கோயில்தோறும் பூசை இருந்தது, பலி இருந்தது, திருவிழா இருந்தது. ஆனால் தேவர்களின் பிறப்பையும் உறவையும் உருவையும் தொழிலையும் மக்கட்கு வகுத்துரைத்தவர் பூசாரிகள் அல்லர், புலவர்களே. ஹோமரும் ஹெசியடுமே கிரேக்கருக்குத் தேவர் மரபை வகுத்துத் தந்தனர் என்று, கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியராகிய ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். அப்புலவர்களின் பாடல்களே பாடசாலையில் பாடமும் ஆயின. நிக்கியாஸ் என்னும் ஏதென்ஸ் நகரத்துப் படைத்தலைவர், தம் மகனை நன்மகனாக்க விரும்பி ஹோமரின் இரு காவியங்களையும் முற்ற மனப்பாடம் செய்வித்தார் என்று ஒரு செய்தி உண்டு. எகிப்து நாட்டு மணலினின்றும் தோண்டியெடுக்கப்பட்ட பாப்பிரஸ் ஏடுகளிலும், கிரேக்க இலக்கியம் என்று கிடைத்தவற்றுள் ஹோமரின் பாடல்களே மிகுதி. பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகிய ஏடுகளும் அவற்றுள் உள.

ஆகவே, எழுத்தறிவு பெறுதலும் தேவகதை பெறுதலும் அந்நாட்டில் ஒன்றாகவே நிகழ்ந்தன. ஓங்கி அடிக்கும் ஆசான் முன்னே, "தந்தையைச் சிதைத்துத் தன் பிள்ளைகளை விழுங்கியவன் தேவனாவது எங்ஙனம்?" என்று ஒரு சிறுவன் கேட்டிருப்பின் அவன் பட்டிருக்கக்கூடிய பாட்டை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

எனினும் கேள்வி பிறந்தது. கி. மு. ஆறாம் நூற்றாண்டிலேயே கொலோபன் நகரத்துச் செனோபனீஸ் என்னும் அறிஞர், மாந்தரிடையே வெட்கத்துக்குரியனவாகிய களவையும் விபசாரத்தையும் வஞ்சகத்தையும் ஹோமரும் ஹெசியடும் தேவர்கள் தலையில் ஏற்றிவிட்டனர் என்று குற்றஞ்சாட்டினார். எத்தியோப்பியர் தம் தேவரைக் கரிய நிறத்தினராகவும், திரேசியர் தம் தேவரைச் செம்மயிரினராகவும் கருதுவதை எடுத்துக்காட்டி, எருதுக்கும் குதிரைக்கும் கை இருக்குமாயின் அவையும் தத்தம் வடிவிலேயே தேவரை வரைந்துகொள்ளும் என்று நகையாடினார். மனிதன் தேவரைத் தன் சாயலில் படைத்துக்கொள்கிறான் என்னும் உண்மையை இத்துணைத் தெளிவாக அவருக்கு முன்னர்க் கிரேக்க நாட்டில் உரைத்தவரை நாம் அறியோம்.

செனோபனீஸ் கதையின் ஒழுக்கத்தைத் தாக்கினார். கதை எவருக்குப் பயன்படுகிறது என்பதோ அதனினும் கடினமான வினா. ஸ்பார்ட்டா நகரத்து அரச குலத்தார் இருவரும் தம்மை ஹெராக்ளீஸ் என்னும் வீரனின் வழித்தோன்றல்கள் என்றனர். முன்னோர் ஆண்ட நிலத்தை அவன் வழியினர் மீட்டுக்கொண்டனர் என்பது அவர்தம் புராணம். அந்நிலத்தில் ஏர் பிடித்துழைத்த ஹெலட் என்னும் அடிமைமக்கள், விளைவைப் பிறர்க்கு ஈந்து தாம் வாடினர். ஆண்டார்க்கு அப்புராணம் நிலப்பட்டாவாக விளங்கியது. உழைத்தார்க்கு அது விலங்காயிற்று.

ஏதென்ஸ் நகரத்தார் வேறொரு கதை வைத்திருந்தனர். தம் முன்னோனாகிய எரிக்தோனியஸ் தாய் வயிற்றில் பிறவாது அந்நகரத்து மண்ணினின்றே தோன்றியவன். ஆதலின் தாம் வந்தேறிகள் அல்லர், மண்ணின் மக்கள் என்பது அவர் பெருமை. கி. மு. 451ஆம் ஆண்டில் பெரிக்ளீஸ் கொணர்ந்த சட்டம், தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாயிருந்தாலன்றி ஒருவனுக்குக் குடியுரிமை இல்லை என்றது. பின்னர் நகரில் பரவிய கொள்ளைநோயில் தம் மைந்தர் இருவரையும் இழந்த பெரிக்ளீஸ், அயலூர்ப் பெண்ணாகிய அஸ்பாசியாவிடம் பிறந்த தம் மகனுக்கு அதே சட்டத்தினின்று விலக்களிக்குமாறு நகரத்தாரை இரக்க நேர்ந்தது. பிறப்பால் வேலி கட்டியவர் அவ்வேலியைத் தாமே தாண்ட வேண்டியதாயிற்று.

இப்பெருமையைத்தான் யூரிப்பிடீஸ் 'அயோன்' நாடகத்தில் தொட்டார். கதை இது: எரெக்தியஸ் மன்னனின் மகள் கிரியூசா. நகரத்துக் குன்றின் வடபுறக் குகையில் அப்போலோ தேவன் அவளைப் பலாத்காரம் செய்தான். பெற்றோர்க்கு அஞ்சிய அப்பெண் தனியே மகவை ஈன்று, அக்குகையிலேயே ஒரு கூடையில் விட்டு நீங்கினாள். அக்குழவியை அப்போலோவின் ஏவலால் ஹெர்மீஸ் தேவன் டெல்பி நகர்க் கோயிலுக்கு எடுத்துச் சென்றான். அது தாய் தந்தையர் இன்னார் என்றறியாமல் கோயில் முற்றம் கூட்டும் ஏவலனாய் வளர்ந்தது. கிரியூசாவோ சூதஸ் என்னும் அயலூரானுக்கு மனைவியாகி, மகப்பேறின்றி, கணவனுடன் வரங்கேட்க அக்கோயிலுக்கே வருகிறாள். கோயிலினின்று வெளிப்படும்போது முதலில் எதிர்ப்படுபவனே உன் மகன் என்று தேவவாக்கு சூதஸுக்குக் கூற, அவன் அந்த ஏவல் இளைஞனைத் தழுவி 'அயோன்' என்று பெயரிடுகிறான். கணவனின் கள்ளமகன் தன் வீட்டுக்கு வாரிசாகிறான் என்று கொதித்த கிரியூசா, தான் பெற்ற மகன் என்றறியாது அவனுக்கு நஞ்சூட்ட முயல்கிறாள். சிந்திய மதுவைப் பருகிய ஒரு புறா துடித்து வீழ, சூழ்ச்சி வெளிப்படுகிறது. பின்னர்க் கோயிற் பூசாரிணி கொணர்ந்த பழைய கூடையால் தாயும் மகனும் ஒருவரையொருவர் அறிகின்றனர்.

இந்நாடகத்தில் மூன்றிடங்கள் ஊன்றி நோக்கத்தக்கன.

முதலாவது, அப்போலோவின் செயலைச் செவியுற்ற அயோன் தன் எசமானனாகிய அத்தேவனையே இடித்துரைக்கும் இடம். மாந்தர்க்குச் சட்டம் விதிக்கும் நீங்களே சட்டத்தை மீறலாமோ? நீங்களும் ஜீயஸும் பொசைடனும் புரிந்த பலாத்காரங்களுக்கெல்லாம் அபராதம் செலுத்துவதாயின் கோயிற் பொருள் முழுதும் தீர்ந்துபோமே என்கிறான். இதனைக் கூறுபவன் நாத்திகன் அல்லன், அக்கோயிலின் உப்பைத் தின்று வளர்ந்த ஏவலன். அவன் பக்தியே அவனை அக்கேள்வியைக் கேட்கச் செய்கிறது.

இரண்டாவது, தன்னை அயலூரான் மகன் என்றெண்ணியிருந்த அயோன், ஏதென்ஸ் செல்லத் தயங்கும் இடம். என்னைப் பெற்றவள் ஏதென்ஸ் பெண்ணாய் இருக்கக்கடவள். இல்லையேல் அந்நகரில் எனக்கு நா இராது என்று அவன் வருந்துகிறான். மண்ணின் மைந்தர் என்னும் புராணம் ஒரு மனிதனின் வாயை எங்ஙனம் கட்டுகிறது என்பதை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது. சட்டம் குடியுரிமையைப் பற்றிப் பேசுகிறது. புலவர் அதனால் ஊமையாகும் ஓர் இளைஞனைக் கொணர்ந்து நிறுத்துகிறார்.

மூன்றாவது, முடிவு. அப்போலோ இறுதிவரை மேடைக்கு வரவில்லை. பழைய செயலைப் பற்றிப் பழி நேருமோ என்று அவன் வரவில்லை எனக் கூறிக்கொண்டு ஆதீனா தேவி வருகிறாள். அயோன் வழியில் ஒரு பெருங்குலம் தழைக்கும் என்று வாழ்த்துகிறாள். பின்னர், அயோன் தன் மகனே என்ற மயக்கத்தில் சூதஸ் மகிழ்ந்திருக்கட்டும், உண்மையை அவனுக்கு உரையாதே என்று கிரியூசாவுக்குக் கட்டளையிடுகிறாள். ஆண்டாண்டாய் வாய் மூடியிருந்த பெண்ணை நோக்கி, இனியும் மூடியிரு என்பதே தெய்வத்தின் தீர்ப்பு!

1895ஆம் ஆண்டில் வெர்ரால் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், யூரிப்பிடீஸைத் தேவகதைகளைத் தகர்க்க வந்த பகுத்தறிவாளர் என நாட்டி நூல் எழுதினார். அவரை மறுப்போர், நாடக ஈற்றில் கிரியூசா அப்போலோவைப் புகழ்கின்றாள், மகன் பிழைத்தான், நகரம் பெருமை பெற்றது. ஆதலின் தேவன் பெயர் காக்கப்பட்டது என்பர். இரு சாராரிடத்தும் உண்மை உண்டு. அவள் புகழ்கின்றாள் என்பது மெய்யே. ஆனால் நாடகத்தின் நடுவே தன் அவமானத்தைப் பலரறியப் பாடி அத்தேவனைப் பழித்த அவள் குரல், ஈற்றில் கூறும் இரண்டொரு புகழ்மொழியால் நம் செவியினின்றும் அகலுகின்றதா? அகலவில்லை என்றே கூறுவோம். யூரிப்பிடீஸ் கதையை அழிக்கவில்லை. கதையில் எவருடைய துன்பம் ஒரு வரியில் கடக்கப்பட்டதோ, அவரை நடுமேடையில் நிறுத்திப் பேசவைத்தார். இதுவே அவர் திறனாய்வு. இஃது எங்கு நிகழ்ந்தது? டயோனைசஸ் தேவனின் திருவிழாவில், அதே குன்றின் தென்சரிவில் உள்ள நாடகசாலையில், மண்ணின் மைந்தர் எனத் தருக்கியிருந்த நகரத்தார் முன்னிலையில் நிகழ்ந்தது.

இனி, தத்துவஞானி பிளேட்டோவிடம் வருவோம். தம் 'குடியரசு' என்னும் நூலில் அவர், தேவர்களை இழிவுறக் காட்டும் ஹோமர், ஹெசியட் கதைகளை இளைஞர்க்குக் கற்பித்தல் ஆகாது என்று கடிந்துரைத்தார். நன்று. ஆனால் அந்நூலிலேயே அவர் ஒரு புதிய கதையைப் புனைகிறார். குடிகள் அனைவரும் பூமிக்குள் உருவாகி வெளிப்பட்டவர். ஆள்வோர் உயிரில் பொன்னும், அவர்க்குத் துணைநிற்கும் வீரர் உயிரில் வெள்ளியும், உழவர் தொழிலாளர் உயிரில் இரும்பும் பித்தளையும் கலந்துள்ளன என்று மக்களை நம்பச் செய்தல் வேண்டுமாம்! இரும்புப் பெற்றோர்க்குப் பொன்மகன் பிறப்பின் அவனை உயர்த்துக என்றும் அவர் கூறியிருத்தலை மறைத்தல் நேர்மையாகாது. பிறப்பே முடிவு என்று அவர் சொல்லவில்லை. எனினும் இக்கதையை மக்கள் நம்புவரோ என்ற கேள்விக்கு அந்நூலில் கிடைக்கும் விடை நம்மைத் திடுக்கிடச் செய்கிறது: இத்தலைமுறையார் நம்பார், அவர் பிள்ளைகளும் பேரர்களும் நம்பக்கூடும் என்பதே அவ்விடை. புராணம் பிறக்கும் பட்டறையின் கதவு இங்கே நமக்குத் திறந்து காட்டப்படுகிறது. முதல் தலைமுறை சூழ்ச்சி என்றறிவது, மூன்றாம் தலைமுறைக்கு மரபாகிவிடுகிறது. உழைப்போனை இரும்பென்றும் ஆள்வோனைப் பொன்னென்றும் கூறும் பொய்யை எத்தகைய பேரறிஞன் நன்மைக்கென்று கூறினும் நாம் ஏற்கமாட்டோம். சூதஸை மயக்கத்தில் விட்டுவைத்த ஆதீனா தேவியின் கட்டளைக்கும் இதற்கும் வேற்றுமை யாது?

கேட்டவர் அனைவரும் தப்பினர் என்று எண்ணுதல் வேண்டா. ஞாயிறு தேவன் அன்று, கனன்று எரியும் பெரும் பாறை என்ற அனக்ஸகோரஸ் ஏதென்ஸை விட்டு நீங்க நேர்ந்தது. நகரத்துத் தேவர்களை ஏற்கவில்லை, இளைஞரைக் கெடுத்தார் என்னும் குற்றச்சாட்டின்மேல் சாக்ரட்டீஸ் கி. மு. 399ஆம் ஆண்டில் நஞ்சுண்டு மாண்டார். நாடகசாலை பொறுத்ததை நீதிமன்றம் பொறுக்கவில்லை.

பின்னாளில் இப்போராட்டம் பள்ளிக்கூடத்துக்குள்ளும் புகுந்தது. கி. பி. 362ஆம் ஆண்டில் உரோமப் பேரரசன் ஜூலியன், பழைய தேவர்களை நம்பாத கிறிஸ்தவ ஆசிரியர் அத்தேவர்களின் கதைகள் நிறைந்த நூல்களைக் கற்பித்தல் கூடாது என்று தடுத்தான். நம்புவோனே கற்பிக்கலாம் என்பது அவன் கொள்கை. அதே நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ ஆயராகிய பசீலியோ, இளைஞர் அந்நூல்களைக் கற்கலாம், தக்கதைக் கொண்டு தகாததை விலக்குக என்று அறிவுறுத்தினார். அரசன் அடுத்த ஆண்டே போரில் மாண்டான். நம்பாதாரும் கற்கலாம் என்ற வழியே நிலைத்தது. அதனாலன்றோ அந்நூல்கள் இன்றுவரை நம் கைக்கு வந்துள்ளன! 1952ஆம் ஆண்டில் வென்ட்ரிஸ் என்பார் படித்தறிந்த பழைய களிமண் பலகைகள், ஹோமருக்குப் பன்னூற்றாண்டு முன்னரே ஜீயஸ், பொசைடன் முதலிய பெயர்கள் வழங்கியதைக் காட்டின. தந்தையைச் சிதைத்து அரசு கொண்ட தேவனின் கதையை ஒத்த கதையொன்று, ஹிட்டைட்டு மக்களின் பலகைகளிலும் காணப்பட்டுள்ளது. எம் மண்ணிலேயே முளைத்தது என்று தருக்கும் கதைக்கும் அயலூர் உறவு உண்டு என்பதற்கு இது சான்று.

அன்பர்களே! கிரேக்கப் புராணத்தை நாம் வணங்கவும் வேண்டா, எரிக்கவும் வேண்டா. யூரிப்பிடீஸ் கேட்டதுபோல் கேட்டால் போதும். தோட்டத்து லயத்திலாயினும் நகரத்து மாடியிலாயினும், நம் பிள்ளைகள் முன்னே ஒரு கதை சொல்லப்படும்போது, அது எந்நாட்டுக் கதையாயினும், "இதனால் எவன் நிலம் பெறுகிறான்? எவள் வாய் மூடப்படுகிறாள்?" என்று கேட்கும் துணிவை அவர்க்குப் பழக்குவோமாக. அங்ஙனம் கேட்கும் பிள்ளையை அதட்டி அடக்காத ஆசானும் அன்னையுமே மெய்க்கல்வி தருவோர் ஆவர்.