மிளகாய் அரைத்துக் கேட்கும் நீதி

எங்கள் வரதராஜன்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மாந்திரீகம் இரண்டு வடிவில் பழக்கம். முந்திரித் தோப்பில் கொட்டை களவு போனால், தோப்புக்காரம்மா நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுவார். "வயிறெரிஞ்சு சொல்றேன், வெளங்கமாட்டான்" என்பார். வீட்டில் ஒருவர் தொடர்ந்து படுத்துவிட்டாலோ, வெளியூர் மந்திரவாதி வந்து வாசலைத் தோண்டித் தகடு எடுப்பார். கத்தோலிக்கர் நிறைந்த ஊர் என்றாலும் இரண்டுக்கும் மரியாதை உண்டு. சிறுவயதில் எனக்கு இவை ஒரே அச்சத்தின் இரண்டு பெயர்களாகத்தான் தெரிந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது ஆனைமலையிலும், கடல் தாண்டி இலங்கையின் சீனிகமவிலும்தான்.

பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலையில் மாசாணியம்மன் 17 அடி நீளத்தில் படுத்த கோலத்தில் இருக்கிறாள். கோயிலில் ஒரு நீதிக்கல் உண்டு. நகையைப் பறிகொடுத்தவர், கடன் கொடுத்து ஏமாந்தவர், கட்டியவனால் கைவிடப்பட்டவர் எல்லோரும் ஆட்டுக்கல்லில் வரமிளகாயை அரைத்து அந்தக் கல்லில் பூசுகிறார்கள். நான் பார்த்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். குழவியைச் சுற்றச் சுற்ற நெடி ஏறி, வரிசையில் நின்ற எல்லோரும் இருமினோம். அவர் முந்தானையால் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. விழுதை உள்ளங்கையில் அள்ளிக் கல்லில் அப்பினார். யார் மேல் கோபம் என்று கேட்டேன். "பேரெல்லாம் சொல்ல வேண்டாங்க, ஆத்தாளுக்குத் தெரியுமுங்க" என்றார்.

சீனிகம, காலி வீதியில் ஹிக்கடுவைக்கு அருகில் இருக்கிறது. தெவொல் தெய்வத்துக்குக் கரையில் ஒரு கோயில், கடலுக்குள் சிறு திட்டில் இன்னொன்று. அந்த வழியே போகும் வண்டிக்காரர்கள் நிறுத்தி உண்டியலில் காசு போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். திருட்டுக் கொடுத்தவர்கள் படகேறித் திட்டுக்குப் போகிறார்கள். அங்கேயும் செத்தல் மிளகாயும் மிளகும் கல்லில் அரைபடுகின்றன. தெவொல் இந்தியக் கரையிலிருந்து கப்பலில் வந்தவர் என்றும், கரையேற விடாமல் பத்தினித் தெய்வம் நெருப்பு மலைகளை எழுப்பித் தடுத்தாள் என்றும், அவற்றை மிதித்துக் கடந்து சீனிகமவில் இறங்கினார் என்றும் சிங்களக் கதை சொல்கிறது. அந்தப் பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகி.

அரைக்கும் மிளகாய் ஒன்றாக இருந்தாலும் முறை வேறு. ஆனைமலையில் வாதி, வக்கீல் இரண்டும் அரைப்பவரே. நடுவில் யாரும் பேசுவதில்லை. சீனிகமவில் கப்புராளை எனும் பூசாரி நடந்ததைச் சொல்லித் தெய்வத்திடம் முறையிட்டுச் சாபத்தை ஓதுகிறார். பிள்ளை வரம் தருகிற அதே ஆத்தாள்தான் ஆனைமலையில் தண்டனையும் தருகிறாள். அங்கே ஆசிக்கும் சாபத்துக்கும் ஒரே சந்நிதி. சிங்கள பௌத்தர் புத்தரிடம் போய் இன்னொருவர் கெடவேண்டும் என்று கேட்க முடியாது. அதனால் விகாரையில் பூ வைத்துவிட்டு, வழக்கை மட்டும் தெவொல் போன்ற தெய்வத்திடம் எடுத்துச் செல்கிறார். இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரருக்கு ஆனைமலையைவிடச் சீனிகமவே நெருக்கம். மாதாவிடம் மன்னிப்பைக் கேட்கலாம், பழியைக் கேட்க முடியாது. அதனால்தான் அந்தக் கோபம் கோயிலுக்குள் நுழையாமல் தெருமண்ணில் இறங்குகிறது.

இலங்கை மானுடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1975-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், இப்படிப்பட்ட கோயில்களுக்கு வருபவர்களைக் கவனித்து ஒரு கருத்தை முன்வைத்தார். திட்டமிட்ட கொலைக்கு இட்டுச்செல்லக்கூடிய ஆத்திரத்துக்குச் சூனியம் ஒரு வடிகால் ஆகிறது என்பது அதன் சாரம். ஆட்டுக்கல்லைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அரிவாளை எடுத்திருக்க வேண்டிய கை குழவியை எடுத்திருக்கிறது. தண்டிக்கும் வேலையைத் தெய்வத்திடம் விட்டுவிட்டு அந்த அம்மா பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார்.

தகடு எடுப்பவர் செய்வது இதற்கு நேரெதிர். மாசாணியிடம் சொல்லாமல் விட்ட பெயரை அவர் சொல்கிறார். "உங்க ரத்த சம்பந்தம்தான், தெற்கே இருக்கிற வீடு" என்பார். காசை வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார். அண்ணன் தம்பி வாசலில் பேச்சு அன்றோடு நின்றுவிடும். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாட்கள் பரிகாரத்தில் கரையும். இலங்கையில் கட்டடியா எனும் மந்திரவாதி எடுக்கும் ஹூனியம் எனும் சூனியத்திலும் இதே ஆபத்து உண்டு. கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு 1 லட்சம் ரூபாய் தருவதாக 1963-ல் சவால் விட்டார். 1978-ல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை ஒருவராலும் வெல்ல முடியவில்லை.

மிளகாய் அரைத்தால் திருடன் பிடிபடுவான் என்று நான் நம்பவில்லை. ஆனால் அரைப்பவரின் நஷ்டம் உண்மை. மனு வாங்க ஆளில்லாத, வழக்கு நடத்தக் காசில்லாத மனிதர்கள்தான் இரண்டு கரையிலும் அந்தக் கல்லைத் தேடி வருகிறார்கள். அவர்கள் செய்வதை மூடநம்பிக்கை என்று கேலி செய்வதற்கு முன், எதை இழந்தீர்கள் என்று கேட்போம். போலீஸ் ஸ்டேஷனுக்கு அவர்கள் கூடவே போய் நிற்போம். சொந்தக்காரர் பெயரைச் சொல்லிக் காசு கேட்கிற மந்திரவாதியை மட்டும் வாசற்படி ஏற விடக்கூடாது.