சுவரேறிய விலங்குகள்

இலங்கைக் காடுகளில் இன்று சிங்கம் இல்லை, புலியும் இல்லை. பேச்சுவழக்கில் நாம் புலி என்பது சிறுத்தையைத்தான். ஆயினும் போர்க்கால மன்னாரின் சுவர்களை ஆண்டவை அவ்விரு விலங்குகளே. 1990 முதல் தீவு இராணுவத்தின் பிடியில் இருந்தது. பெருநிலத்தின் பல ஊர்கள் 2008 வரை புலிகளிடம் இருந்தன. அக்கரையில் ஒரு விலங்கு, இக்கரையில் ஒரு விலங்கு. இரண்டுமே பழைய அரசகுலப் பெருமையிலிருந்து இறக்கப்பட்டவை. மீன் உலர்த்தும் பெண்ணின் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல.

புலிகளின் வீரவணக்கச் சுவரொட்டியை எளிதில் தள்ளிவிட முடியாது. அதன் வலிமை சின்னத்தில் இல்லை; முகத்தில் இருந்தது. 1986 ஒக்டோபரில் அடம்பனில் வீழ்ந்த மன்னார்த் தளபதி விக்ரரைப் போன்றோர் மட்டுமல்லர், ஊர்ப்பெரியோர் திண்ணையில் இருக்கை பெறாத ஏழை வீட்டுப் பிள்ளையும் பொதுச்சுவரில் பெயரோடும் படத்தோடும் நின்றான். நம் சமூகம் அவனுக்கு அதற்குமுன் தராத மதிப்பு அது. அதைப் பெற அவன் இறக்க வேண்டியிருந்தது என்பதே கொடுமை.

காந்தளின் கதை இன்னும் நுட்பமானது. குறிஞ்சிப்பாட்டின் மலர்வரிசையில் முதலில் நிற்கும் இம்மலர், சங்கப் புலவர்க்குக் காதலரின் மலைப்பூ. கார்த்திகை மழையில் பூப்பதால் மாவீரர் நாளோடு இணைந்தது. 2003இல் புலிகள் அதைத் தேசிய மலராக அறிவித்தனர். அதன் கிழங்கு நஞ்சு. கழுத்தில் நச்சுக்குப்பி அணிந்தோரின் மலராக அது வரையப்பட்டபோது, தூரிகை பிடித்தவர் எத்தனைபேர் இதை எண்ணினரோ!

மறுபுறத்துப் பதாகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாளேந்திய சிங்கமும், 2009 வெற்றிக்குப்பின் மீட்பராக நிறுத்தப்பட்ட படைவீரரும் அரசு அச்சகத்தின் அலுப்பூட்டும் மொழி.

நமது குற்றச்சாட்டு வரையப்படாதவை பற்றியது. 1990 ஒக்டோபரில் புலிகளால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களுக்கு எந்த விடுதலைச் சுவரொட்டியில் இடம் இருந்தது? 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, வன்னியில் கணக்கில் வராதோர் 1,46,679 பேர் என அரசின் ஆணைக்குழு முன் சொன்னார். அவ்வெண்ணை எந்த வெற்றிப் பதாகை ஏற்றது?

வேறு வழி கலைஞனுக்கு இல்லாமற் போகவில்லை. 1914இல் மகனைப் போரில் இழந்த ஜெர்மானிய ஓவியர் கெத்தே கொல்விட்ஸ், போர் இனி வேண்டாம் என்ற சுவரொட்டியை 1924இல் வரைந்தார். கையுயர்த்திய இளைஞன் ஒருவனே அதில் உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தைச் சித்தபிரசாத் எலும்பும் தோலுமாய் வரைந்தார். காலனி அரசு அந்நூற்பிரதிகளைக் கைப்பற்றி அழித்தது.

இங்கே அவ்வேலையை ஓவியர் செய்யவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் செய்கின்றனர். கடவுச்சீட்டு அளவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, அட்டையில் ஒட்டி, வெயிலில் நெஞ்சோடு பிடித்து நிற்கின்றனர். அதில் ஒரு பெயர், ஒரு திகதி, ஒரு முகம். கொடியோ விலங்கோ இல்லை.