சிற்றளவு ரயில்: கண்ணுக்குச் சரி, அளவுகோலுக்கு?

கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் மாதிரி எஞ்சினைப் பார்க்கிறவர்கள் முதலில் வியப்பது அதன் வண்ணத்தையும் புகைபோக்கியையும்தான். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர் அரிது. நம் நாட்டு ரயில்களின் மாதிரிகள் பல, பொய் சொல்வது அந்த இடத்தில்தான்.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். மாதிரி ரயில்களில் உலகெங்கும் மிகுதியாக வழங்கும் அளவு ‘ஹெச்.ஓ.’ எனப்படும். அசலில் 87 மி.மீ. நீளமுள்ளது இதில் 1 மி.மீ. ஆகும். இதற்கான தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இதை 87 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,435 மி.மீ. கிடைக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாக உள்ள பாதையின் அகலம் இது. நம் அகலப் பாதையோ 1,676 மி.மீ. அதற்கு 19.3 மி.மீ. வேண்டும். மீட்டர் பாதைக்கு 11.5 மி.மீ. போதும். கடையில் கிடைக்கிறதே என்று 16.5 மி.மீ. தண்டவாளத்தின் மேல் நமது டபிள்யூ.பி. எஞ்சினை ஏற்றினால், அகன்ற உடலும் ஒடுங்கிய கால்களுமாக அது நிற்கும். வேடிக்கை என்னவென்றால், அடிக்கு 3 மி.மீ. என்ற அளவில் கட்டினால் ஐந்தரை அடி அகலமுள்ள நம் பாதை மிகச் சரியாக 16.5 மி.மீ. ஆகிவிடுகிறது! எஞ்சின் சற்றுச் சிறியதாகும், ஆனால் உண்மையாகும்.

இந்த இடைவெளிக்காக இவ்வளவு வாதாட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். காவிரிப் படுகையில் இருப்பவர்கள் வாதாடத்தான் வேண்டும். எங்கள் வலங்கைமானில் ரயில் நிலையம் கிடையாது. வடக்கே கும்பகோணத்துக்கோ தெற்கே நீடாமங்கலத்துக்கோ போய்த்தான் ரயில் ஏற வேண்டும். நீடாமங்கலம் வழியாகச் செல்லும் நாகப்பட்டினம்–தஞ்சாவூர்ப் பாதை 1861-இல் அகலப் பாதையாகப் பிறந்தது. 1875-இல் மீட்டர் பாதையாகக் குறுகியது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து மீண்டும் அகலமாயிற்று. ஆகவே இப்பகுதி ரயிலின் வரலாறே தண்டவாள இடைவெளியின் வரலாறுதான். மீட்டர் பாதை மறைந்துவிட்ட இந்நாளில் அதைக் காணாத மாணவனுக்குச் சாட்சி சொல்ல மாதிரிதான் இருக்கிறது. சாட்சி பிறழலாமா?

பிறழ்வதற்கு இடங்கள் பல. மாதிரி வாகன்களில் இரண்டு மூலைகளிலும் மோதுதாங்கி வைப்பது வழக்கம். பழைய அகலப் பாதை வாகனுக்கு அது பொருந்தும். மீட்டர் பாதை வாகனுக்கோ நடுவில் ஒன்றே ஒன்றுதான் உண்டு; இணைப்பும் மோதுதாங்கியும் அங்கேயே சேர்ந்திருக்கும். ஐரோப்பிய வாகன் கிட் ஒன்றை வாங்கிச் செம்பழுப்பு வண்ணம் பூசி, ‘தெற்கு ரயில்வே’ என்று எழுதிவிட்டால் அது நம் நெல் வாகன் ஆகிவிடாது. சித்தரஞ்சன் ஆலையில் 1972-இல் உருவான கடைசி நீராவி எஞ்சின், மீட்டர் பாதைக்குரிய ஒய்.ஜி. வகை. அத்தகைய எஞ்சினுக்குப் பின்னால் இரட்டை மோதுதாங்கி வாகனைக் கோத்துவிடுவது, வேட்டிக்கு மேல் கழுத்துப்பட்டி கட்டுவது போன்றது.

கிட் செய்வோரின் திறமையைக் குறை கூற மாட்டேன். பித்தளைத் தகட்டில் ஒளிப்பட முறையால் வரைபடத்தைப் பதித்து, பெரிக் குளோரைடு கரைசலில் அரித்தெடுக்கும் பாகங்கள் அழகானவை. ஆணித்தலை ஒன்று 35 மி.மீ. எனக் கொண்டால் மாதிரியில் அது 0.4 மி.மீ.; அதையும் காட்டிவிடுகிறார்கள். கெடுப்பது பெரும்பாலும் கட்டுகிறவரின் தூரிகைதான். 0.05 மி.மீ. கனமுள்ள வண்ணப்பூச்சு, அசல் அளவில் 4 மி.மீ.க்கும் மேல்! இரண்டு பூச்சில் ஆணிகள் புதைந்துவிடும். வெள்ளீயக் கலவையில் வார்த்த பாகங்களுக்கு 70 டிகிரி செல்சியசில் உருகும் தனிப் பற்றவைப்பு ஈயம் உண்டு. வானொலிப் பெட்டிக்குப் பயன்படுத்தும் ஈயத்தையும் சூட்டுக்கோலையும் கொண்டு அவசரப்பட்டால், புகைபோக்கி உருகி மேசையில் துளியாகிவிடும்.

சக்கரங்களை மட்டும் என்னால் மன்னிக்க முடிகிறது. வழக்கமான ஹெச்.ஓ. சக்கரத்தின் அகலம் சுமார் 2.8 மி.மீ.; பெருக்கினால் 24 செ.மீ. அசலில் 13 செ.மீ.தான். ஆனால் மெலிந்த சக்கரம் சிறு மேடுபள்ளத்திலும் தடம் புரளும். ஓடுவதற்காகச் சொல்லும் பொய் அது.

ஓட்டம் என்றதும் இயற்பியல் குறுக்கிடுகிறது. 100 டன் எஞ்சினை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 87-இல் ஒரு பங்காக்கினால், எடை 87-இன் மும்மடிப்படி குறைந்து ஏறத்தாழ 150 கிராம் ஆகும். மணிக்கு 72 கி.மீ. வேகம், நொடிக்கு 23 செ.மீ. ஆகும். இது வரை சரி. இனி விசையை நிறுத்திப் பாருங்கள். உருண்டு நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம். அசல் ரயில் 870 மீட்டர் உருண்டு நின்றால் மாதிரி 10 மீட்டர் உருள வேண்டும். உராய்வுக் கெழு ஒன்றே என்றாலும் மாதிரி உருள்வது பதினொன்றரை செ.மீ.தான். சுவரில் முட்டியது போல் அது ‘சட்’டென நிற்பதன் காரணம் இதுவே. இதற்கு மருந்து, மோட்டார் அச்சில் பொருத்தும் சிறு பித்தளைச் சமன்சக்கரம். அது சுழற்சியில் சேமித்த ஆற்றலைக் கொடுத்து எஞ்சினை மெல்ல நிற்க வைக்கும். ஆணித்தலைகளை எண்ணி எண்ணிப் பதிக்கும் கிட், சமன்சக்கரத்துக்கு இடம் விடாவிட்டால் நான் அதற்குப் பாதி மதிப்பெண்தான் தருவேன். பொம்மை என்று காட்டிக் கொடுப்பது ஆணி அல்ல, அசைவு.

புனேயில் 1998-இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றளவு ரயில் காட்சியகம் ரயில்களைப் பேழையில் பூட்டாமல் ஓட்டிக் காட்டுகிறது என்பதை இங்கே பாராட்டிச் சொல்ல வேண்டும்.

விலை கொடுத்துக் கிட் வாங்க இயலாத மாணவர் மலைக்க வேண்டாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். அருகே 2002 முதலும், திருச்சியில் 2014 முதலும் ரயில் காட்சியகங்கள் உள்ளன. அனுமதி பெற்று, நாடாவால் அளந்து, ஒவ்வோர் எண்ணையும் 87 ஆல் வகுத்து வரைபடத்தாளில் குறியுங்கள். கெட்டி அட்டையும் கத்தியும் பசையும் போதும். முதலில் எஞ்சின் வேண்டாம். நான்கு சக்கர மூடு வாகன் ஒன்று கட்டுங்கள். அது மீட்டர் பாதை வாகனானால், நடு மோதுதாங்கி தண்டவாளத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று மறவாமல் அளந்துகொள்ளுங்கள்.