பல் வெளுப்பு: எது பெஸ்ட் என்று கேட்கும் முன்

பல்லை வெண்மையாக்கும் வழிகளை ஒப்பிடும் வீடியோக்களை இந்த வாரம் வரிசையாகப் பார்த்தேன். கரித்தூள், எலுமிச்சை-உப்பு, வெண்மைப் பற்பசை, ஜெல், கிளினிக் ப்ளீச்சிங் என்று எல்லாவற்றுக்கும் மார்க் போடுகிறார்கள். என் குறை ஒன்றுதான்: கறை எங்கே இருக்கிறது என்று கேட்காமலே மார்க் போடுகிறார்கள்.

டீ, வெற்றிலை, புகையிலைக் கறை பெரும்பாலும் பல்லின் மேலே படிவது. ஸ்கேலிங் செய்து பாலிஷ் போட்டாலே பெரும்பகுதி போய்விடும். வெண்மைப் பற்பசைகளில் பெரும்பாலானவை செய்வதும் இந்த மேல்துடைப்பைத்தான். கரியும் மேல்கறையைச் சுரண்டும். கூடவே எனாமலையும் சுரண்டலாம். எலுமிச்சை அமிலம் எனாமலைக் கரைக்கும்; அதன்மேல் உப்பை வைத்துத் தேய்த்தால் கேட்கவே வேண்டாம். போன எனாமல் மறுபடி வளராது. அது மெலிய மெலிய, அடியில் இருக்கும் டென்டினின் மஞ்சள்தான் எட்டிப் பார்க்கும். வெளுக்கப் போய் மஞ்சளாக்கிக்கொண்ட கதை!

உள்நிறத்தை மாற்றுவது பெராக்சைடு. வீட்டில் ட்ரேயில் வைக்கும் 10% கார்பமைடு பெராக்சைடு, சுமார் 3.5% ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். இந்த இரவு ட்ரே முறையை ஹேவுட், ஹேமன் இருவரும் 1989-ல் வெளியிட்டார்கள். கிளினிக்கில் 25 முதல் 40% வரை போகிறது. சரக்கு ஒன்றுதான், ஒன்று சில வாரம், இன்னொன்று ஓரிரு அமர்வு. கிளினிக்கில் காட்டும் நீல விளக்கு கூடுதலாகச் சாதிப்பது குறைவு. இரண்டிலும் கொஞ்ச நாள் பல் கூசலாம். கேப்பும் ஃபில்லிங்கும் வெளுக்காது.

இந்த மார்க் பட்டியலில் இடமே இல்லாதவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள். அங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பால்பல் விழுந்து நிலையான பல் முளைக்கும் முன்பே, ஈறுக்குள் அது உருவாகும்போதே எனாமல் பழுதாகிவிடுகிறது; முளைத்த பிறகு அதில் பழுப்பு ஏறுகிறது. "ஒழுங்கா பல்லு விளக்க மாட்டியா?" என்று அந்தப் பிள்ளையைக் கேட்பது அநியாயம். எத்தனை தேய்த்தாலும் அது போகாது. லேசான பழுப்பை மருத்துவர் மைக்ரோ அப்ரேஷன், ப்ளீச்சிங் மூலம் குறைக்கலாம், மோசமானால் வெனீர்தான். ப்ளீச்சிங்கில் வெள்ளைத் திட்டுகள் முதலில் இன்னும் தூக்கலாகத் தெரியவும் கூடும்.

அடுத்த பிள்ளைக்கு அது வராமல் தடுப்பது நல்ல குடிநீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆகவே கரியோ ஜெல்லோ வாங்கும் முன், ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டி, கறை மேலேயா உள்ளேயா என்று கேட்டுவிடுங்கள். மார்க்கெல்லாம் அதற்கப்புறம் போட்டுக்கொள்ளலாம்.