குளம் உள்ளே, வீடு வெளியே

மயிலாப்பூரில் மத நல்லிணக்கம் பற்றி யார் பேசினாலும் கபாலீஸ்வரர் கோயில் குளம் வந்துவிடும். ஆற்காடு நவாப் கொடுத்த இடம், மொகரம் அன்று முஸ்லிம்கள் இறங்கலாம் என்கிற கதை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தக் கதையாடலில் முஸ்லிம் ஒன்று கொடுத்தவர், இல்லையென்றால் வந்துபோகிறவர். தெருவில் குடியிருப்பவராக அவர் வருவதே இல்லை.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு தெருக்களில் வாசிக்க இன்னொரு பிரதி இருக்கிறது: டு-லெட் பலகை. 'சைவம் மட்டும்.' மதம் என்ற சொல் அதில் கிடையாது. அதுதான் அதன் சாமர்த்தியம். முட்டைகூடத் தொடாத முஸ்லிம் போய்க் கேட்டால் அர்த்தம் விளங்கிவிடும். "எனக்கு ஒண்ணுமில்ல சார், மத்த போர்ஷன்காரங்க ஒத்துக்க மாட்டாங்க." தலித்தையும் இதே சொல்தான் வாசலில் நிறுத்துகிறது.

செழியனின் 'டு லெட்' 2007ஆம் ஆண்டுச் சென்னையில் நடக்கும் படம். வீட்டுக்காரர்களின் கேள்விகளில் நசுங்குகிறவர்கள் இளங்கோவும் அமுதாவும். அந்த வரிசையில் ஓர் அப்துல்லாவை நிறுத்திப் பாருங்கள்: முதல் வாசலிலேயே படம் முடிந்துவிடும்.

அதே 2007இல்தான் தமிழக அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் ஒதுக்கியது. 1927ஆம் ஆண்டு வகுப்புவாரி அரசாணை 12 அரசு வேலைகளில் 2ஐ முஸ்லிம்களுக்கு வைத்திருந்த மரபின் தொடர்ச்சி இது. அவசியமான சட்டம். ஆனால் அது கல்லூரி வாசலோடும் அலுவலக வாசலோடும் நின்றுவிடுகிறது. தலைமைச் செயலகத்தில் மேசை கிடைத்தவருக்கு அடையாறில் வாடகை வீடு கிடைக்கும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பட்டியலிடுகிறது. அதில் வாடகை வீடு இல்லை. ஆக, குளம் சட்டத்துக்குள் இருக்கிறது. குளக்கரை வீடு வெளியே.

"என் வீட்டுச் சமையலறைக்குள் அரசாங்கம் வரணுமா?" என்று கேட்பார்கள். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமை ஒழிப்புச் சட்டம், தீண்டாமையின் பேரால் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றம் என்று எப்போதோ சொல்லிவிட்டது. வாசற்படியை அரசு அப்போதே தாண்டியாயிற்று. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் அந்தக் கொள்கையை மதத்துக்கும் நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. இடஒதுக்கீட்டுக்காகத் தெருவில் இறங்கியவர்கள், நாம்தான், அடுத்துக் கேட்க வேண்டியது அதைத்தான். நவாப் கதை காத்திருக்கட்டும்.