விளக்கை அணைத்த கை

ஐந்து ரூபாய்த் தாள் ஒன்று கை மாறுகிறது. தருபவன் ஊரிலே செல்வாக்குள்ள ஒப்பந்தக்காரன். பெறுபவன் நத்து, செத்த மாட்டின் தோலை உரித்துப் பிழைப்பவன், தீண்டாதவன் என்று ஊரார் ஒதுக்கி வைத்த உழைப்பாளி. கால்நடை மருத்துவருக்குத் தேவை, ஒரு பன்றியைக் கொன்று கொடு என்று கட்டளை. பழக்கமில்லாத அந்தக் கொலையை இரவெல்லாம் போராடி, வியர்வை வடிய வடியச் செய்து முடிக்கிறான் ஏழை. பொழுது புலர்கிறது, பள்ளிவாசற் படியிலே பன்றியின் பிணம்! பிறகு பசு வெட்டப்படுகிறது. பிறகு கடைகள் எரிகின்றன. பிறகு மனிதர்கள் மடிகின்றனர்.

1988 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தூரதர்சனில் ஒளிபரப்பான 'தமஸ்' என்னும் தொலைக்காட்சி நாடகம் இவ்வாறு தொடங்குகிறது. பீஷ்ம சாஹ்னி இந்தியில் எழுதி, 1975 இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற புதினத்தைக் கோவிந்த் நிஹலானி ஏறத்தாழ ஐந்து மணி நேரக் காட்சியாக்கினார். சாஹ்னி ராவல்பிண்டியிற் பிறந்தவர். 1947 இல் அந்த வட்டாரம் எரிந்ததைக் கண்ணாரக் கண்டவர். 1970 இல் பிவண்டியிலே மதக் கலவரம் மூண்டபின் அங்கே சென்று, இடிந்த வீடுகளைப் பார்த்த பிறகே பழைய நினைவுகளை எழுத முற்பட்டவர். நிஹலானியோ கராச்சியிற் பிறந்து, பிரிவினையின்போது பெற்றோருடன் அகதியாக வந்தவர். பட்டவர் எழுதினார், பட்டவர் படமாக்கினார்.

இந்திப் படைப்பைப் பற்றி இந்த ஏட்டிலா என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். இந்தி நம்மீது ஏறி அமர்வதைத்தான் எதிர்க்கிறோம். இந்தியிலே எழுதப்பட்ட நல்ல நூலை அல்ல. மதவெறியின் முகத்திரையைக் கிழிக்கும் எழுத்து எம்மொழியில் வந்தாலும் அது நம் உறவே.

நாடகத்தைத் தடுக்க முயன்றவர்களும் இருந்தனர். கலவரத்தைக் காட்டினால் கலவரம் மூளும் என்று வழக்குத் தொடுத்தனர். பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் படத்தைப் பார்த்தபின் தடையை நீக்கினர். 1988 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றமும் வழக்கைத் தள்ளியது. ஒரு படைப்பை அளப்பதற்குக் கோழை நெஞ்சம் அளவுகோல் ஆகாது, நியாயமும் உறுதியும் உள்ள மனிதனின் நெஞ்சமே அளவுகோல் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நோயைச் சொன்னால் நோய் பரவும் என்பது எத்தகைய மருத்துவம்!

இனி, படைப்பின் தரம் என்ன?

பெரும்புகழ்ச்சிக்குரியது ஒன்று உண்டு. கலவரம் வானத்திலிருந்து விழுவதில்லை, அது செய்யப்படும் பொருள் என்பதை இந்த நாடகம் படிப்படியாக மெய்ப்பிக்கிறது. மாஸ்டர் தேவவிரதன் என்றொருவர். கோழியின் கழுத்தை அறுக்கச் சொல்லிச் சிறுவன் ரண்வீருக்குப் பயிற்சி தருகிறார். சிறுவன் வாந்தி எடுக்கிறான், நடுங்குகிறான்; முடிவில் அறுத்தும் விடுகிறான். புதினத்திலே, அந்தச் சிறுவர் கூட்டம் பின்னர் அத்தர் விற்றுப் பிழைக்கும் ஒருவரைக் குத்திக் கொல்கிறது. அவர் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்த தீங்கு யாது? எதுவுமில்லை! கரும்பலகை முன் நின்று பாடம் சொல்லும் நாம் இந்தக் காட்சியைக் கண்டு உறக்கம் இழந்தோம். குழந்தைக்கு இயல்பாய் வருவது இரக்கம். கொலை, பாடம் வைத்துக் கற்பிக்கப்படுவது. கற்பிக்க ஓர் ஆசிரியனும் கிடைத்துவிடுகிறான்.

வெள்ளைக்கார அதிகாரி ரிச்சர்டைப் பாருங்கள். பழஞ்சிலைகளின் வரலாறெல்லாம் அறிந்தவன். இந்நாட்டு மக்களை அறிய விரும்பாதவன். இராணுவத்தை அழையுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் மன்றாடியபோது நழுவிக் கொள்கிறான். ஊர் சாம்பலானபின் வானூர்தி ஒன்று வட்டமிடுகிறது. உடனே கலவரம் அடங்குகிறது! பின்னால் அடக்க முடிந்ததை முன்னால் தடுக்க முடியாதா? இந்தக் கேள்வி எந்த ஆட்சிக்கும் பொருந்தும்.

புதினத்திலிருந்து நிஹலானி செய்த பெரும் மாற்றம் நத்துவைப் பற்றியது. சாஹ்னியின் நூலிலே நத்து கதையைத் தொடங்கி வைத்துவிட்டு விலகிப் போகிறான். அவன் இறந்த செய்தியும் போகிற போக்கில்தான் வருகிறது. நாடகத்திலோ அவன் நடுநாயகம். கருவுற்ற மனைவி கர்மோவுடன் ஊரை விட்டு ஓடுகிறான். வீடிழந்த முதியவர்களான ஹர்நாம் சிங், பந்தோ தம்பதியுடன் சேர்கிறான். மருந்துக்கென்று நம்பிச் செய்தவன் குற்றம், குற்றம் என்று குமைகிறான். மருந்தென்று சொல்லி ஏய்த்தவன் நிம்மதியாக உறங்குகிறான். ஓம் பூரியின் முகத்திலே அந்தக் குமைச்சலைக் காணும்போது, சாதி அடுக்கின் அடியிலே கிடப்பவனுக்குத்தானா மனச்சான்றும் சுமையாக வைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி நெஞ்சைக் குடைகிறது. நத்துவை முழு மனிதனாக்கிய இந்த மாற்றத்தை முழு மனத்துடன் வரவேற்கிறோம். ஹர்நாம் சிங்காக நூலாசிரியரே நடித்திருப்பது தனிச் சிறப்பு. மாற்று மதத்தாருக்கு வீட்டிலே அடைக்கலம் தரும் ராஜோவாக வரும் சுரேகா சிக்ரிக்குத் தேசிய விருது கிடைத்தது தகும்.

ஆனால் குறையும் கூறவேண்டும்.

குருத்வாராவிலிருந்து ஜஸ்பீர் முன்னே நடக்க, பெண்கள் கிணற்றிலே பாயும் காட்சி. இது கற்பனையன்று, 1947 மார்ச்சில் ராவல்பிண்டி மாவட்டத்துத் தோஹா கால்சாவில் ஏறத்தாழ 90 பெண்கள் கிணற்றில் விழுந்து மாண்டதாகக் கூறுவர். அந்தக் கொடுமையை நாடகம் பக்தி முழக்கத்துடன், ஊர்வலத்தின் பொலிவுடன் காட்டுகிறது. மானம் என்னும் சொல்லைப் பெண்ணின் உடலிலே கட்டிவைத்தவர் யார்? அந்தச் சொல்லுக்காக அவள் சாகவேண்டும் என்று விதித்தவர் யார்? பகையாளியின் வாள் ஒரு பக்கம், சொந்த மதத்தின் விதி மறு பக்கம். இரண்டுக்கும் நடுவே அந்தப் பெண்களுக்குக் கிணறு ஒன்றே வழியாக விடப்பட்டது. அதைக் கண்டு நாம் பதற வேண்டும். கைகூப்ப வைக்கிறது காட்சி. புதினத்திலும் இந்தச் சாயல் உண்டு. திரையிலோ இசையும் சேர்ந்து அதைப் பெருக்கி விட்டது.

மற்றொன்று, முடிவு. அகதி முகாமிலே கர்மோ கணவனின் பிணத்தைக் காண்கிறாள். அவளுக்குப் பேறுகால வேதனை தொடங்குகிறது. குழந்தையின் அழுகுரல் கேட்கிறது. கூடவே இரு மதத்தாரின் முழக்கங்களும் கேட்கின்றன. உருக்கமான முடிவு, கண்ணீரை வரவழைக்கும் முடிவு. புதினத்தின் முடிவு வேறு. அமைதிக் குழுவின் பேருந்து புறப்படுகிறது. ஒலிபெருக்கியைப் பிடித்து ஒற்றுமை வாழ்க என முழங்குகிறான் ஒருவன். யார் அவன்? பன்றிக்கு ஐந்து ரூபாய் தந்த அதே முராத் அலி! அவனை அடையாளம் காட்டக்கூடியவன் நத்து ஒருவனே, நத்துவோ இறந்துவிட்டான்.

எந்த முடிவு சிறந்தது? நாம் தயங்காது சொல்வோம்: நூலின் முடிவே. குழந்தையின் குரல் நெஞ்சை நனைக்கிறது. ஒலிபெருக்கியின் குரல் அறிவை உலுக்குகிறது. கண்ணீர் வடித்தவன் வீட்டுக்குச் சென்று உறங்கிவிடலாம். தீ வைத்தவனே அமைதி ஊர்வலத்தின் முன்வரிசையில் நிற்பதைக் கண்டவன் அடுத்த ஊர்வலத்தையும் உற்றுப் பார்ப்பான். நாடகம் நத்துவை நமக்குத் தந்தது. நூல் முராத் அலியைப் பிடித்துக் கொடுத்தது. ஆகவே நாடகத்தைப் பார்த்தவர் நூலையும் படித்தாக வேண்டும்.

'தமஸ்' என்றால் இருள். இருள் தானாக வந்து கவிந்ததென்று எண்ணிவிடாதீர், தோழர்களே! விளக்கை அணைத்த கை ஒன்று உண்டு. இன்று பள்ளிவாசற் படியிலே பன்றியைப் போடவும் வேண்டியதில்லை. கைப்பேசியிலே ஒரு பொய்ப் படம் போதும். அந்தப் படம் உங்கள் கைக்கு வரும்போது, அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கு ஐந்து ரூபாய் கொடுத்தவன் யார்?