கல்வெட்டு ஆண்டும் விரிதாள் தேதியும்: உத்திரமேரூர்ச் சான்றை முன்வைத்து ஒரு மதிப்பீடு

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் இரண்டும் குடவோலை முறை குறித்த ஆய்வுகளுக்கு முதன்மைச் சான்றுகளாகும். முன்னது அவனது 12ஆம் ஆட்சியாண்டிலும் பின்னது 14ஆம் ஆட்சியாண்டிலும் பொறிக்கப்பட்டவை. முன்னதில் உறுப்பினர்க்குரிய வயது 30 முதல் 60 வரை; பின்னதில் 35 முதல் 70 வரை. சபை தன் விதியைத் தானே திருத்திக்கொண்டது என்னும் முடிவு இவற்றின் கால வரிசையையே சார்ந்துள்ளது. கல்வெட்டுத் தரவுகளை விரிதாளுக்கும் தரவுத்தளத்திற்கும் இடையே மாற்றும்போது இத்தகைய கால வரிசை மூன்று நிலைகளில் குலையக்கூடும்.

முதலாவது, பதிவெண். கல்வெட்டு ஆண்டறிக்கை எண்ணை 1/1898 என எழுதுவது மரபு. எக்செல் விரிதாளின் தேதிக் கணக்கு 1900இல் தொடங்குவதால் இவ்வெண் எழுத்துத் தொடராகவே நிற்கும். ஆனால் 10/1919 என உள்ளிட்டால் அது 1919 அக்டோபர் ஆகிவிடும். 13 என்னும் மாதம் இன்மையால் 13/1919 தப்பிவிடும். ஒரே நிரலில் 1 முதல் 12 வரையுள்ள எண்கள் மட்டும் திரிவதால் பிழை எளிதில் புலப்படுவதில்லை. சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கையில் மாதப் பெயரும் 19 என்னும் ஈரிலக்கமுமே எஞ்சும். மீண்டும் திறக்கையில் அது நடப்பாண்டின் அக்டோபர் 19 எனக் கொள்ளப்படும்.

இரண்டாவது, வரிசைப்படுத்தல். ஆண்டை எழுத்துத் தொடராக இட்டால் ‘கி.பி. 1070’ என்பது ‘கி.பி. 921’ என்பதற்கு முன்னே நிற்கும். முதற்குலோத்துங்கன் பராந்தகனுக்கு முற்பட்டவனாவான்.

மூன்றாவது, பொய்த் துல்லியம். 907இல் ஆட்சிக்கு வந்த பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டு 920-921 என்னும் இரு ஆண்டுகளில் பரவியது. தேதி வகை நிரல் மாதத்தையும் நாளையும் வேண்டுவதால் 921 சனவரி 1 என நிரப்பினால், கல்லில் இல்லாத நாள் தரவில் இடம்பெற்றுவிடும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் தேதி வகைக்கு ஏற்கும் எல்லையோ 1000 முதல் 9999 வரை மட்டுமே.

இவ்வியல்பு பிற துறைகளையும் பாதித்துள்ளது. விரிதாளில் தேதியாகத் திரிந்த மரபணுப் பெயர்கள் சிலவற்றை மனித மரபணுப் பெயரிடல் குழு 2020இல் மாற்றியமைத்தது. கல்வெட்டுப் பதிவெண்களை அவ்வாறு மாற்றினால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான மேற்கோள் மரபு அறுபடும். ஆதலின் அட்டவணையின் அமைப்பே மாற வேண்டும்.

தேதி வகையைக் கைவிட்டால் கணினிவழிக் கால ஆய்வு தடைப்படும் என்னும் மறுப்பு எழலாம். தொடக்க எல்லை, இறுதி எல்லை என ஆண்டுகளை இரு முழு எண் நிரல்களில் இட்டால் அவ்வாய்வு தடையின்றி நிகழும். பதிவெண்ணையும் அறிக்கை ஆண்டையும் தனித்தனி நிரல்களில் வைத்தலும், கல்லிலுள்ள ஆட்சியாண்டுத் தொடரை உள்ளவாறே எழுத்து வகையில் காத்தலும், கணித்த ஆண்டு யாருடைய கணிப்பு எனக் குறித்தலும் கல்வெட்டுத் தரவு வெளியீடுகளின் குறைந்தபட்ச நெறியாகக் கொள்ளத்தக்கவை.